இயந்திரம் களைப்பதில்லை



அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், கரவெட்டித் தோட்டவெளியொன்றில் முதிய கமக்காரர் ஒருவரோடு உரையாடிக்கொண்டிருந்தேன். மின்மோட்டார் வெங்காயப் பாத்திகளுக்கு நீரிறைத்துக்கொண்டிருந்தது. கிணற்றருகே பழைய துலாவின் ஆடுகால் மட்டும் எஞ்சி நின்றது. அதைச் சுட்டிக்காட்டி அவர் சொன்னார்: “சுவாமி, அந்த நாளையிலை மனிசன் களைச்சு இருந்தால் கிணறு ஊறும். மிஷின் களைக்காதே!”

குருமடத்தில் மெய்யியல் பயின்ற ஆண்டுகளில் தொழில்நுட்பத்தைப் பற்றியும் பொருளீட்டலைப் பற்றியும் நான் கற்றவை அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. அதையே இவ்வாரம் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை என்பதை நாம் அறிவோம். மாரியில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கற்பாறையினூடே இறங்கி நிலத்தடியில் தங்குகிறது. அந்த நன்னீர், அடியிலிருக்கும் கனமான உவர்நீரின்மேல் ஒரு வில்லையைப்போல மிதந்து நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதன் காரணம் இதுவே. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும் என்பது நூறாண்டுகளுக்கு முன்பே நீரியலாளர் கண்டறிந்த விதி. அவ்வாறாயின், மேலே ஓர் அடி தாழும்போது கீழேயிருக்கும் உப்பு நாளடைவில் 40 அடி மேலெழ இடமுண்டு. கண்ணுக்குத் தெரிவது ஓர் அடி. தெரியாமல் நிகழ்வது நாற்பது அடி. நம்முடைய பேராசைகள் பலவும் இவ்வாறே கணக்கை மறைத்துக்கொண்டு வருகின்றன.

துலாவின் காலத்தில் இறைப்பு என்பது மூவர் தொழில். ஒருவர் துலா மிதிப்பார். ஒருவர் பட்டையைப் பிடித்து நீரைச் சரிப்பார். ஒருவர் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறுவார். மனிதனின் கால் தளர்ந்தபோது வேலை நின்றது. நிலத்துக்கு எவ்வளவு நீர் என்பதை மனித உடலே வரையறுத்தது.

பழைமை என்பதற்காக அக்காலத்தைப் பொற்காலம் எனப் போற்ற நான் முன்வரவில்லை. துலா மிதித்தல் உயிரை உருக்கும் உழைப்பு. தவறினால் உயிராபத்தும் உண்டு. துலா மிதித்தவர்களுள் பலர், அதே கிணற்றில் தம் கையால் ஒரு வாளி நீர் அள்ளவும் அனுமதிக்கப்படாதவர்களாய் இருந்தனர் என்பதை நாம் மறைத்தல் ஆகாது. யாக்கோபின் கிணற்றருகே, தீண்டத்தகாதவளென ஒதுக்கப்பட்ட சமாரியப் பெண்ணிடம் நீர் கேட்டுப் பருக முன்வந்த ஆண்டவர், நம் ஊர்க் கிணற்றடிகளில் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே, அந்த முதுகுகளை நிமிர்த்திய இயந்திரத்துக்கு நாம் நன்றி சொல்லவே வேண்டும். தொழில்நுட்பம் இறைவன் மனிதனுக்கு அளித்த அறிவின் கனி.

ஆயினும் 1950களுக்குப் பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் தோட்டங்களுக்கு வந்தபோது, உழைப்போடு சேர்ந்து வேறொன்றும் நம்மை விட்டு அகன்றது. அதுவே அளவு. 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது நம் கமக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. வீடுகள் எழுந்தன, பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்றனர். அது வரவேற்கத்தக்க வளர்ச்சியே. அதே வேளையில் நீரும் மிகுதியாக இறைக்கப்பட்டது. உரமும் மிகுதியாக இடப்பட்டது. கிணற்று நீரில் நைத்திரேற்று பாதுகாப்பு எல்லையைத் தாண்டுகிறது என 1980களிலேயே ஆய்வாளர் எச்சரித்தனர். சந்தையில் வெங்காயத்துக்கு விலை உண்டு. அதை விளைவித்த நீருக்கு விலை இல்லை. விலையில்லாததை மதிப்பில்லாதது என எண்ணியதே நம் வணிகத்தின் பிழை.

இத்தொடரைச் சற்று உற்று நோக்குங்கள். துலாவுக்கு மனிதனின் களைப்பு கடிவாளமாயிருந்தது. மண்ணெண்ணெய் இயந்திரத்துக்கு எண்ணெயின் விலை கடிவாளமாயிருந்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பல தோட்டங்களில் இயந்திரங்கள் மௌனித்ததையும், கைவிடப்பட்ட துலாக்கள் மீண்டும் உயிர்பெற்றதையும் சிறுவனாக நான் கண்டிருக்கிறேன். பின்னர் வந்த மின்மோட்டாரை ஒரு சிறு பிள்ளையும் இயக்கலாம். இன்று சூரிய ஒளியில் இயங்கும் மோட்டார்கள் வந்துவிட்டன. அவற்றுக்கு எண்ணெய்ச் செலவும் இல்லை, மின்கட்டணமும் இல்லை. சூழலுக்கு அவை நல்லவையே. எனினும் கடைசிக் கடிவாளமும் அவிழ்ந்துவிட்டது. இனி எஞ்சியிருப்பது ஒன்றே: மோட்டாரை நிறுத்தும் கைக்கு உரியவரின் மனச்சாட்சி.

நம் முன்னோரின் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பங்காளர் முறை வைத்து இறைத்தனர். துலாக் காலத்தில் ஒருவருடைய முறை என்பது ஒரு மனிதனால் இறைக்கக்கூடிய நீர். இயந்திரம் வந்தபின்னும் முறை அதுவேதான். ஆனால் அந்த நேரத்துக்குள் இறைக்கப்படும் நீரோ பன்மடங்கு. எழுத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. பொருள் முற்றாக மாறிவிட்டது. சட்டத்தை மீறாமலே அயலவனின் பங்கை உறிஞ்ச இயலும் நிலை பிறந்தது. “என் காணி, என் கிணறு, என் மோட்டார்” என்போருக்கு, நிலத்தடி நீர் வேலியை அறியாது என்பதே என் பணிவான மறுமொழி.

சுன்னாகத்தில் நிகழ்ந்ததை நாம் மறந்துவிடக்கூடாது. அங்கே மின்னுற்பத்தி நிலையத்திலிருந்து எண்ணெய் கசிந்து சுற்றுப்புறக் கிணறுகளில் கலந்ததாக எழுந்த வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு குறித்த நிறுவனத்துக்கு உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் கட்டளையிட்டது. நீதி கிடைத்தமைக்காக மகிழ்வோம். ஆனால் அந்த மின்சாரத்தில் விளக்கேற்றியவர்கள் நாம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, அதற்கு விலை கொடுப்பவர் யார் என நம்முள் எத்தனை பேர் வினவினோம்?

கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் பொருளீட்டலை இருவகையாகப் பிரித்தார். வீட்டின் தேவைக்காக ஈட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. பணத்துக்காகவே பணம் ஈட்டுவதற்கு எல்லையே இல்லை என்றார். புனித தோமஸ் அக்குவைனாஸ் அளவுடைமையைத் தலையாய நற்பண்புகள் நான்கினுள் ஒன்றாக வைத்து விளக்கினார். அவர்களுக்கும் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்னரே பாலைவனத்தில் இறைவன் இப்பாடத்தைத் தம் மக்களுக்குக் கற்பித்தார். விடுதலைப் பயண நூலின் 16ஆம் அதிகாரத்தை இன்று குடும்பமாக வாசித்துப் பாருங்கள். மன்னா வானிலிருந்து இலவசமாகவே வந்தது. ஆயினும் அவரவர் தேவைக்கேற்ற அளவே சேர்க்கும்படி கட்டளை பிறந்தது. நாளைக்கென எடுத்து வைத்தது புழுத்து நாறியது. இலவசமாய்க் கிடைப்பதற்கே அளவு மிகவும் வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்?

இது தோட்டத்தோடு முடியும் செய்தியன்று. நம் பிள்ளைகளின் கையிலுள்ள கைத்தொலைபேசியும் களைக்காத இயந்திரமே. அது நிறுத்தச் சொல்வதில்லை. பிள்ளையின் கண்ணும் மனமுமே களைக்கின்றன. செயற்கை நுண்ணறிவும் களைப்பதில்லை, தொழிலாளியே களைக்கிறான். 1891இல் ஆலைத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்த திருத்தந்தை 13ஆம் லியோவை நினைவுகூர்ந்து தம் பெயரைத் தெரிந்துகொண்டதாக 2025 மே மாதத்தில் கூறிய திருத்தந்தை 14ஆம் லியோ, செயற்கை நுண்ணறிவு மனித மாண்புக்கும் உழைப்புக்கும் விடுக்கும் சவாலை அப்போது சுட்டிக்காட்டினார். கருவி மாறுகிறது, கேள்வி மாறவில்லை.

அவ்வாறெனில் நாம் செய்ய வேண்டியது யாது? மோட்டாரைக் கிணற்றில் எறிவதன்று. ஒரே கிணற்றின் பங்காளர் கூடியிருந்து, முறையை மணிக்கணக்கில் அன்றி நீரின் அளவில் வகுக்கலாம். சொட்டு நீர்ப்பாசனம் இயலுமிடத்தில் அதைக் கைக்கொள்ளலாம். கூரையில் விழும் மழையை வீதிக்கு விடாமல் நிலத்துக்கே திருப்பலாம். தூர்ந்த குளத்தை ஊரவர் கூடித் தூர்வாரலாம். வீட்டிலோ, இரவுணவு வேளையில் பெற்றோர் முதலில் தம் தொலைபேசியை அணைத்து வைக்கலாம், பிள்ளைகள் பின்தொடர்வர்.

ஓய்வுநாளைக் கட்டளையிட்டபோது இறைவன் மனிதனோடு நிறுத்திவிடவில்லை. உழும் மாட்டுக்கும், சுமை தாங்கும் கழுதைக்கும், வேலையாளுக்கும், அந்நியனுக்கும் ஓய்வளித்தார். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வளிக்கச் சொன்னார். இயந்திரத்துக்கு ஓய்வு தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் கிணற்றுக்குத் தேவை. அது ஊறுவதற்கு யாரோ ஒருவர் நிறுத்த வேண்டும். முன்னர் நம் களைப்பு நிறுத்தியது. இனி நம் அன்பு நிறுத்தட்டும்.

ஆண்டவரே, எடுக்கும் ஆற்றலை எமக்குத் தந்தீர்; போதும் எனச் சொல்லும் ஞானத்தையும் தந்தருளும். எம் பிள்ளைகளின் பிள்ளைகளும் இம்மண்ணில் நன்னீர் பருகச் செய்தருளும். ஆமென்.