வன்னி நூலகங்களும் ஒளிவருடிப் பொறியும்

சில மாதங்களுக்கு முன் வன்னிச் சிற்றூர் ஒன்றின் கடையில், பழைய பாடசாலை மலர் ஒன்றிலே நான்கு பக்கங்களுக்குப் போட்டோப் பிரதி எடுக்கக் கொடுத்தேன். கடைக்காரத் தம்பி மலரைக் கவிழ்த்துக் கண்ணாடிமேல் வைத்து, மூடியை இரு கைகளாலும் அழுத்தினார். படக்கென்று ஓர் ஓசை. அறுபது ஆண்டு முதுமை எய்திய அம்மலரின் முதுகு பிளந்துவிட்டது. அவர்மேற் குற்றமில்லை, அழுத்தாவிடின் நடுமடிப்பிலுள்ள எழுத்துக்கள் பிரதியில் விழமாட்டா. ஆயின், மலர் என்னுடையதன்று. இடம்பெயர்ந்த போதெல்லாம் உடுபுடைவைகளோடு அதனையும் சுமந்து திரிந்த மூதாட்டியார் ஒருவருடையது.

இத்தகைய ஊறு நேராதிருக்கும் பொருட்டே மேனாட்டு நூலகங்கள் பலவற்றில் வேறொரு வகை ஒளிவருடிப் பொறி வந்திருக்கிறது. மாணவர் அதனை ஸ்கானர் என்றே வழங்குவர். இதிற் புத்தகத்தைக் கவிழ்க்க வேண்டியதில்லை. சாய்ந்த இரு பலகைகளின் நடுவே, பாதி விரித்தபடி, முகம் மேல்நோக்கி அது கிடக்கும். மேலிருந்து கமரா படம் பிடிக்கும். வாசகர் தாமே பக்கத்தைப் புரட்டுவார். தாமே பொத்தானை அழுத்துவார். வளைந்த வரிகளை நேராக்குவதும், பக்கத்தைப் பிடித்திருந்த விரல்களின் உருவத்தை அழிப்பதும் மென்பொருளின் வேலை. தாளுமில்லை, மையுமில்லை, படங்களைப் பென்டிரைவில் இட்டுக்கொண்டு போய்விடலாம்.

2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவிலும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்கும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் பயிலும் மாணவர்க்கு இது பெருந்துணையாகும் என்பதில் ஐயமில்லை. விலைமிக்க பாடநூலின் ஓர் அத்தியாயம் வேண்டி அவர்கள் படும் பாட்டை ஆசிரியர்கள் அறிவர். நிற்க. என் எண்ணம் பொது நூலகங்களைப் பற்றியது.

பிற நாடுகளில் இப்பொறி, நூலகத்தினுள் இருப்பதை வெளியே எடுத்துச் செல்லவே வைக்கப்படுகிறது. வன்னியிலோ நிலைமை தலைகீழானது. 2009 இல் முடிந்த போரில் இங்கிருந்த நூற்சேர்க்கைகள் பெரும்பாலும் அழிந்தன. பின்னர் வாங்கியும் நன்கொடையாகப் பெற்றும் அலுமாரிகளை நிரப்பிய நூல்களிற் பெரும்பாலானவை வேறிடத்தும் கிடைப்பனவே. வேறெங்கும் கிடைக்காதவை வீடுகளிலேயே இருக்கின்றன: பாடசாலை மலர்கள், கோயிற் கும்பாபிஷேக மலர்கள், இறந்தோர் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுக்கள், சனசமூக நிலைய அறிக்கைகள், முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்தாடும் அண்ணாவிமாரின் கையெழுத்துக் கொப்பிகள். ஆங்கிலேய அதிகாரி ஜே. பி. லூயிஸ் 1895 இல் எழுதிய வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை இன்று இணையத்திற் படிக்கலாம். அதன் பின்னர் வன்னி மக்கள் தம்மைப் பற்றித் தாமே எழுதியவை தகரப் பெட்டிகளிற் கிடக்கின்றன.

அவற்றை நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமே என்பாரும் உளர். கொடுக்கமாட்டார்கள். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தபோது, நம்பிக் கொடுத்தவர்களின் ஏடுகளும் சாம்பராயின. உயிரோடு சேர்த்துக் காத்துவந்த காகிதத்தை ஒரு கட்டடத்தில் விட்டுவரத் தயங்குவோரை அறியாதவர் என்று நான் சொல்லமாட்டேன், அவர்கள் அறிந்தவர்கள். ஆகவே இங்கு நூலை வாங்கி வைக்கும் பொறி வேண்டாம். உடையவரே கொண்டுவந்து, உடையவரே பக்கம் புரட்டி, உடையவரே வீட்டுக்கு எடுத்துச் செல்ல, படம் மட்டும் நூலகத்தில் எஞ்சும் பொறி வேண்டும். மேனாட்டார் பணியாளர் வேலையைக் குறைக்கக் கண்ட சுயசேவை முறைக்கு வன்னியிலே வேறொரு பொருள் இருக்கிறது.

வழியும் புதியதன்று. 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்கள், இதழ்கள், மலர்கள் பல்லாயிரத்தை எண்ணிமப்படுத்தி, எவரும் கட்டணமின்றி வாசிக்க இணையத்தில் வைத்திருக்கிறது. மாவட்டப் பொது நூலகங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பொறி இருக்குமாயின், அப்பணி மக்களின் வாசலுக்கு வந்துவிடும்.

பணத்துக்கு எங்கே போவது? நம் வன்னி நூல்கள் அழிந்த அதே 2009 ஆம் ஆண்டில், தானியேல் ரீட்ஸ் என்னும் அமெரிக்க மாணவர், மலிவான இரண்டு கமராக்களையும் கழித்த பலகைகளையும் கொண்டு இத்தகைய பொறி ஒன்றைத் தாமே செய்து, செய்முறையையும் வெளியிட்டார். நல்ல தச்சர் ஒருவர் இருந்தாற் போதும். வன்னியில் தச்சருக்குப் பஞ்சமில்லை.

பொறியினும் கடினமானது அதன் பின்னாலுள்ள வேலை. எவருடைய நூல், எந்த ஊர், எந்த ஆண்டு என்று குறித்து வைக்காத படம் காணாமற் போன படமே. ஒரே கணினியில் மட்டும் வைத்த படமும் அவ்வாறே. மூன்று ஊர்களிலாவது பிரதி வேண்டும். பழைய ணை, லை வடிவங்களைக் கண்டால் எழுத்துணரும் மென்பொருள் திகைத்து நிற்கிறது. அங்கே மனிதக் கண்தான் திருத்த வேண்டும். சட்டமும் உண்டு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நிலைக்கும். நூலை வைத்திருப்பவர் அதன் உரிமையாளராகிவிடார். காப்பதற்காகப் படம் எடுத்தல் வேறு, இணையத்தில் எல்லார்க்கும் வைத்தல் வேறு. இதனை நூலகர்கள் முதலிலேயே விளக்கிவிடுதல் நன்று.

பிளந்த மலரைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது மூதாட்டியார் என்னை ஏசவில்லை. துணியிற் சுற்றிக் கட்டிப் பெட்டியில் வைத்தார். கவிழ்க்காமலே படமெடுக்கும் பொறி ஒன்று உண்டு என்று, குற்ற உணர்வை ஆற்றும் பொருட்டுச் சொல்லிவைத்தேன். சிறிதுநேரம் யோசித்தவர், "வந்தால் சொல்லு தம்பி, நான் கொண்டு வாறன். ஆனால் பக்கத்தை நான்தான் புரட்டுவன்" என்றார்.