அளவுகோலை மாற்றுக!

தாம்பரத்துத் தேநீர்க் கடைகளிலே ஓயாத வாதம் ஒன்று உண்டு. எந்தப் பத்தாண்டு எந்த இசைவாணருக்கு? மின்சார வண்டியில் ஏறிய தோழர்கள் கிண்டி வருமுன் தீர்ப்பே எழுதி விடுகிறார்கள். நாற்பதுகள் பாகவதருக்கு, அறுபதுகள் விசுவநாதன் – இராமமூர்த்திக்கு, எண்பதுகள் இளையராஜாவுக்கு, தொண்ணூறுகள் ரகுமானுக்கு!

வாதம் வேண்டியதுதான். அளவுகோல்தான் வேறு வேண்டும்.

எத்தனை நாள் ஓடியது என்று எண்ணுகிறோம். 1944-ல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்டது. மறுப்பார் இல்லை. ஆனால் நாள் கணக்கு கொட்டகைக்காரர் கணக்கு. உழைப்பவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: யார் வந்த பிறகு, வெளியே நின்றவன் உள்ளே வந்தான்?

நாற்பதுகளில் மேடை தமிழ்நாட்டில். பாட்டோ தெலுங்கில், வடமொழியில். தமிழுக்குக் கிடைத்தது கடைசித் துக்கடா! அதை எதிர்த்தே 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் எழுந்தது. 1946-ல் திருவையாற்றில் தமிழ்ப் பாடல் பாடினார் தண்டபாணி தேசிகர். எதிர்ப்புப் புயல் கிளம்பிற்று. அவர் பெயரில்லாத பட்டியலும் ஒரு பட்டியலா?

ஊர்வலத்திலே நின்று ஊதிய நாதசுரத்தை மேடையிலே அமர்த்தி, மதிப்புக் கேட்டுப் பெற்றார் திருவாவடுதுறை இராசரத்தினம். 1956-ல் மறைந்தார், அவர் பெற்றுத் தந்த இடம் மறையவில்லை. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது; பண்ணைப்புரத்து இளைஞரால் வயல்காட்டு மெட்டு பட்டணத்திலே தலைநிமிர்ந்து நடந்தது. 2009-ல் ஆஸ்கர் மேடையில் ரகுமான் தமிழ் பேசினார். இவையன்றோ செல்வாக்கு!

"கலையை அரசியலால் அளப்பதா?" என்பர் சிலர். யார் அமரலாம், எந்த மொழியில் பாடலாம் என்று விதித்தார்களே, அதன் பெயர் என்ன? கலையா?

தோழர்களே! ஒரு சொல் நமக்கும் உண்டு. நம் ஊர்வலத்தின் முன்னே பறை முழங்குகிறது, நாதசுரம் ஒலிக்கிறது. மேடை வந்ததும் தலைவருக்கு மாலை, கலைஞனுக்கு? நாற்காலி இல்லை, சுவரொட்டியில் பெயரும் இல்லை!

பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ அடுத்த கூட்டம் போடும்போது அவன் பெயரை அச்சிடுங்கள், மேடையில் அமர்த்துங்கள். பிறகு வாதிடுவோம், இந்தப் பத்தாண்டு யாருக்கென்று!