படியா, நிலமா?

மனித சமுதாயம் காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என்னும் மூன்று படிகளில் ஏறி வந்தது என அமெரிக்க அறிஞர் மார்கன் 1877-இல் எழுதினார். மட்கலம் வனைய அறியாதார் அடிப்படியினர், எழுத்தறிந்தார் மேற்படியினர்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆனைமலையில் வாழும் காடர், கிழங்கு அகழ்ந்தும் தேனெடுத்தும் வாழ்ந்தவர். அவர் தந்த தேனுக்கும் மெழுகுக்கும் சமவெளியார் அரிசி கொடுத்தனர். மூங்கில் முளைகளை அடித்து, இரவில் நெடுமரம் ஏறித் தேனெடுக்கும் கலை எந்தப் படியைச் சேரும்? மார்கன் கணக்கில் அதற்கு இடமில்லை.

தொல்காப்பியரோ வாழ்க்கையைப் படிகளாக அடுக்காது நிலத்தால் பகுத்தார். குறிஞ்சியின் தேனும் மருதத்தின் நெல்லும் அருகருகே நின்றன. ஒன்று மற்றொன்றின் குழந்தைப் பருவம் அன்று. இப்பகுப்பே ஆனைமலைக்குப் பொருந்துகிறது.

அடிப்படியினர் என்னும் பெயர் ஏட்டளவில் நின்றிருந்தால் தீங்கில்லை. அறியாதவர் எனக் கருதப்பட்டோரைக் கேளாமலே காடுகள் அரசுடைமையாயின. அவ்வாறு உரிமை மறுக்கப்பட்டது வரலாற்று அநீதி என 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்டது.