தப்பிய பயிரின் கணக்கு

பெரும்போகம் என்றாலே எம்மவர் மத்தியில் நெல்லைப் பற்றிய பேச்சுத்தான். 2024 நவம்பரில் கிழக்கை வெள்ளம் சூழ்ந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளி நாட்டையே உலுக்கியபோதும் நீரில் மூழ்கிய வயல்களின் படங்களே பத்திரிகைகளை நிரப்பின. நாமும் இதற்கு விலக்கல்ல. அனுராதபுரம், மொனராகலை, அம்பாறை, பதுளை மாவட்டங்களின் மேட்டுநிலங்களில் அதே பருவமழையை நம்பி விதைக்கப்படும் சோளத்துக்கு என்ன நேர்கின்றது என்பது பெரிதாகப் பேசப்படுவதில்லை.

நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்வதற்கான வழிகள் இயல்பாகவே உண்டு. நீரில் நின்றபடியே அதன் வேர் சுவாசிக்கின்றது. சோளத்தின் நிலை வேறு. மண்ணில் நீர் தேங்கி நின்றால் ஏறத்தாழ 2 நாட்களில் அங்குள்ள ஒட்சிசன் தீர்ந்துவிடுகின்றது. முளைத்து மூன்று, நான்கு வாரங்கள் வரை, அதாவது ஆறாவது இலை விரியும் வரை, சோளக்கன்றின் வளர்முனை மண்மட்டத்துக்குக் கீழேயே இருக்கின்றது. எனவே கன்று முழுவதும் மூழ்க வேண்டும் என்பதில்லை; கணுக்காலளவு நீர் தேங்கினாலே வளர்முனை மூச்சுத் திணறிவிடும். குளிரான காலநிலையில் இத்தகைய கன்று 4 நாட்கள் வரை தாக்குப்பிடிக்கலாம். எமது உஷ்ணத்தில் 2 நாட்களைக் கடப்பதே கடினம்.

மடிந்த கன்றைவிட மடியாத கன்றே எமக்கு அதிக கவலையைத் தருகின்றது. வெள்ளம் வடிந்ததும் அது பச்சையாகவே நிற்கும். பார்வையிட வருபவரும் பயிர் தப்பிவிட்டது என்று குறித்துக்கொண்டு செல்லக்கூடும். மண்ணுக்குள்ளோ வேர்நுனிகள் அழுகியிருக்கும். தண்டின் அடியிலிருந்து புதுவேர்களை விட்டு அது சமாளிக்க முயலும். இட்ட உரத்தின் நைதரசனில் ஒரு பகுதி நீரோடு கழுவுண்டும் மற்றொரு பகுதி வாயுவாக மாறியும் போய்விட, கீழிலைகள் மஞ்சளாகும். வேர் ஆழமாக ஓடாத அப்பயிர், பின்னர் மழை ஓய்ந்து மண் காயும்போது முதலில் வாடும், கதிரும் சிறுக்கும். வெள்ளத்தால் நேர்ந்த இழப்பு வறட்சியின் கணக்கில் எழுதப்படும், அல்லது எக்கணக்கிலும் சேராது போகும்.

2018 இல் நாட்டுக்குள் நுழைந்த படைப்புழுவோடு ஏற்கெனவே போராடிவரும் விவசாயிக்கு இது மேலுமொரு அடி. கலப்பின விதைக்கும் யூரியாவுக்கும் கடன்பட்டவர் அவர்.

கன்று பிழைக்குமா என்பதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. நீர் வடிந்து 3 முதல் 5 நாட்களின் பின்னர் தண்டைப் பிளந்து பார்த்தால் போதும். வளர்முனை வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தால் நம்பிக்கை உண்டு; பழுப்பேறிக் கூழாகியிருந்தால் மறுவிதைப்பே வழி. அதற்கு முன்னர் எடுக்கப்படும் எந்த மதிப்பீடும் அரைகுறையானதே. பிழைத்த கன்றின் உண்மையான இழப்பு அறுவடையின்போதுதான் தெரியவரும். ஆகவே, நட்டஈட்டைத் தீர்மானிக்கும் அதிகாரிகள் சோளச் சேனைகளுக்கு இருமுறை செல்லவேண்டும் எனவும், விளைச்சல் குறைந்த ஏக்கர்களையும் இழப்பாகப் பதிவுசெய்ய வேண்டும் எனவும் நாம் கோருகின்றோம். நீர் வடிந்த கையோடு மேற்கட்டாக இடுவதற்கான யூரியா கமநல சேவை நிலையங்களில் தயாராக இருப்பதும் அவசியம். அது பிந்திக் கிடைத்தால் பயனில்லை.