சிறு நாயும் பெரு நோயும்

சென்ற ஆண்டு ஒரு மாலைப்பொழுதில் வெள்ளவத்தையிலுள்ள என் மாணவன் ஒருவனின் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். அவன் வளர்த்த 'பக்' இன நாய்க்கு வயது இரண்டு. இரண்டு நாட்களாக அது ஒரே பக்கமாக வட்டமிட்டுத் திரிந்தது. சுவரிலே தலையை அழுத்தி நின்றது. அன்று காலை வலிப்பும் கண்டது. "இது விசர்தான், அடித்துக் கொன்றுவிடுங்கள்" என்றனர் அயலவர். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த அவனுடைய பெரியம்மாவோ, "ஆண்டுதோறும் ஊசி போட்ட நாய்க்கும் விசர் வருமோ, மாஸ்டர்?" என வினவினார். என்னிடம் விடையில்லை. உடனே மிருக வைத்தியரை நாடினோம்.

ஒழுங்காக ஊசி போட்ட நாய்க்கு விசர் வருதல் மிக அரிது என்றார் அவர். அவர் ஐயுற்றது வேறொரு நோயை. உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்புச் சக்தியே நெறி தவறி மூளையைத் தாக்குகின்றது. மூளையும் அதன் உறைகளும் அழன்று, மூளையின் பகுதிகள் அழிகின்றன. பக், மால்ட்டீஸ், சிவாவா, யோர்க்ஷயர் டெரியர் முதலிய சிற்றினங்களையே இந்நோய் பெரிதும் பற்றுகின்றது. இது மனிதருக்குத் தொற்றுவதில்லை.

கலிபோர்னியாவில் பக் நாய்களில் கண்ட இந்நோயை 1989 ஆம் ஆண்டில் அறிஞர் இருவர் விரிவாக எழுதினர். பின்வந்த ஆய்வுகள் பரம்பரையே இதற்குப் பெருங்காரணம் எனக் காட்டின. அழகிய முகத்துக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருக்கியதால் குறையுள்ள மரபணுவும் உடன் பெருகிற்று. பெற்றோர் இருவரிடமிருந்தும் அதனைப் பெற்ற பக் நாய்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏனையவற்றிலும் ஏறக்குறைய 12 மடங்கு. 2003 இல் இந்தியத் தொலைக்காட்சியில் ஹட்ச் நிறுவனத்தின் விளம்பரத்திலே ஒரு பக் நாய் சிறுவனொருவனைப் பின்தொடர்ந்து ஓடியபின், அந்நாட்டில் இவ்வினத்தின்மீது மோகம் மிகுந்தது. விலைகொடுத்து வாங்கியோருள் எத்தனை பேர் குட்டியின் தாய்தந்தையரைப் பற்றி விசாரித்திருப்பர்?

வலிப்பை அடக்கும் மருந்தும், நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்தும் உண்டு. அவை சில நாய்களின் வாழ்நாளை நீட்டும். முற்றாகக் குணமாக்குதல் அரிது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. நம் நாட்டில் விசர்நோய் இன்னும் ஒழியவில்லை. நாயின் நடத்தை திடீரென மாறினால், அதன் வாயருகே கை கொண்டுசெல்லாமல், பிள்ளைகளை விலக்கி, மிருக வைத்தியரை அழையுங்கள். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நாய் இறந்துவிட்டால், அதன் மூளையைச் சோதித்து விசரா அன்றா என உறுதிசெய்யப் பொரளையில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இருக்கின்றது.

மாணவனின் நாய் மருந்துடன் ஆறு வாரம் வாழ்ந்தது. ஒருநாள் இரவு அவன் மடியிலேயே உயிர் நீத்தது. அடிபட்டுச் சாகவில்லை என்பதே அவனுக்கு ஆறுதல். அடுத்த குட்டியை வாங்குமுன் அதன் தாய்தந்தையரைப் பார்ப்பேன் என்றான். அன்போடு அறிவும் சேர்ந்தாலன்றோ வாயில்லாச் சீவனுக்கு நாம் உற்ற துணையாவோம்!