என்ஜினைப் பிரிக்குமுன்

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர், தம் தந்தையார் விட்டுச் சென்ற ஜாவா மோட்டார் சைக்கிளைப் பற்றி நம்மிடம் கலந்து பேசினார். தந்தையார் யாதவகிரித் தொழிற்சாலையில் பணியாற்றிய காலத்தில் சேமித்து வாங்கிய வண்டி அது. பட்டறைக்காரர் ஒருவர், போரும் கிராங்கும் போய்விட்டன, முழுவதும் பிரித்தாக வேண்டும் என்று கூறிப் பெருந்தொகை கேட்டுவிட்டாராம். விற்றுவிடலாமா என்பது அன்பரின் கேள்வி. தாயாருக்கோ வண்டியைப் பிரிய மனமில்லை.

செக்கோஸ்லோவாகிய நாட்டு ஜாவாவை மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் செய்து வந்ததும், பின்னர் அதுவே யெஸ்டி எனப் பெயர் பெற்றதும், 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டதும் வாசகர் அறிந்தவையே. ஆதலின் பழைய உதிரி உறுப்புகள் அருமையாகிவிட்டன. 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டரைக் கால் மில்லிமீட்டர் வீதம் கடைந்து பெரிதாக்கலாம். ஆனால் கடைந்த இரும்பு மீண்டு வாராது. தேவையின்றி ஒருமுறை கடைவது, வண்டியின் ஆயுளில் ஒரு பகுதியை வீணே செலவழிப்பதாகும்.

முதலில் புகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலு ஸ்ட்ரோக் வண்டியில் நீலப்புகை கண்டால் ரிங் தேய்ந்ததென ஐயுறலாம். ஜாவாவோ இரண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலுடன் எண்ணெய் கலந்தே எரிவது. புகையாதிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்! வழக்கத்துக்கு மேல் புகைந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால், கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் கசிகிறதென்று கொள்க. டைனமோ பக்கத்து சீல் பழுதானால் காற்று உட்புகும். ஆக்சிலரேட்டரை விட்ட பின்னும் என்ஜின் தணியாது, பிளக் வெளுக்கும். அதைக் கவனியாமல் ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது செவி. குளிர்ந்திருக்கையில் கலகலவென்று ஒலித்து, சூடேறியதும் அடங்குவது பிஸ்டனின் தளர்ச்சி. அதனுடன் இன்னும் சில காலம் ஓட்டலாம். சாமுண்டி மலை ஏற்றத்தில் சுமையேறுகையில் அடியிலிருந்து கனத்த தட்டல் எழுமாயின், கனெக்டிங் ராடின் கீழ் பேரிங்கை ஐயுற வேண்டும். ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனை உச்சிக்குக் கொணர்ந்து, கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க. மேலும் கீழுமாகச் சிறிது அசைந்தாலும் கிராங்கைப் பிரித்தே ஆக வேண்டும். ராடு பக்கவாட்டில் சற்று அசைவது இயல்பு. அதைக் காட்டி அச்சுறுத்துவோர் உண்டு.

சிலிண்டரைக் கண்ணால் மதிப்பது போதாது. மேலும் நடுவும் கீழுமாக மூன்றிடத்தில் அளவுகோல் கொண்டு அளக்க வேண்டும். தேய்வு பெரும்பாலும் ரிங் திரும்பும் மேற்புறத்திலேயே மிகும். அளவுக் கணக்கை எழுதிக் கொடுக்காத பட்டறையில் போர் கடையக் கொடுத்தல் ஆகாது.

அன்பரின் வண்டியிலோ கியர் ஆயில் குறையவில்லை, கீழே தட்டலுமில்லை, உதைத்துப் பார்த்தபோது அழுத்தமும் நன்றாகவே இருந்தது. வேகம் மட்டும் ஏறவில்லை. இரு சைலன்சர்களையும் கழற்றினோம். உட்குழாய்களில் கரி அடைத்துக் கிடந்தது. சிலிண்டரின் புகைவாயிலும் பாதிக்கு மேல் மூடியிருந்தது. எண்ணெயை மிகுதியாகக் கலந்து, சந்தைக்கும் கோயிலுக்குமாகக் குறுந்தொலைவே ஓட்டியதன் விளைவு இது.

கரியைச் சுரண்டியெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்றது. பிஸ்டனின் காலை ஒலி இன்னும் இருக்கிறது; அடுத்த ஆண்டு போரை அளந்து பார்ப்பதென அன்பருடன் பேசி வைத்திருக்கின்றோம். வண்டி விற்பனைக்கில்லை என்று தாயார் அன்றே அறிவித்துவிட்டார்.