நிரல் குறிப்புத்தாள் தமிழில் வேண்டும்

பைத்தான் நிரல்மொழியில் ‘மலாக்கா’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 7 என்று விடை வரும். நம் இரண்டாம் ஆண்டு மாணவனோ ம, லா, க், கா என 4 எழுத்தே என்பான். அவன் சொல்வதே சரி. யூனிகோடு முறையில் துணைக்காலும் புள்ளியும் தனித்தனிக் குறிகள் ஆதலால் கணினி அவற்றையும் சேர்த்து எண்ணிவிடுகிறது.

இதற்கென்றே ‘ஓப்பன் தமிழ்’ என்னும் கட்டற்ற நிரல்தொகுப்பு உள்ளது. அதிலுள்ள ‘கெட் லெட்டர்ஸ்’ என்னும் கட்டளை சொல்லைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும். அஃது இருப்பதை அறியாத மாணவன், தான் கற்ற இலக்கணமே தவறோ என ஐயுறுவான். என் கவலை இதுதான்.

முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழியில் கட்டளைச் சொற்களே தமிழ். திரையில் காட்டுவதற்குப் ‘பதிப்பி’. தொடக்கத்திற்கு நன்று. ஆயினும் இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் பைத்தான் போன்றவற்றையே பயில நேரும். ஆகவே கட்டளையின் பெயரை மாற்ற வேண்டா (பிழைச்செய்தி ஆங்கிலத்தில்தானே வருகிறது!), விளக்கத்தைத் தமிழில் தருவோம். பெருக்கல் வாய்பாட்டு அட்டைபோல் ஒரே தாள்: கட்டளை, அதன் வேலை, ஓர் எடுத்துக்காட்டு, விடை. எடுத்துக்காட்டுக்கு நம் ஊர்ப்பெயர்களே போதும். ‘ஜாசின்’ கணினிக்கு 6, நமக்கு 3.

பத்துக் கட்டளைகளுக்கு மேல் வேண்டா. பெருநூலாக எழுதினால் அலமாரியில்தான் உறங்கும்.

கணினித் துறையில் உள்ள பெற்றோர் ஒருவர் தமிழாசிரியரோடு ஒரு மாலை அமர்ந்தால் தொடங்கிவிடலாம். சொற்களை ஆசிரியர் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு நிரலையும் இயக்கி விடையைச் சரிபார்ப்பது உங்கள் பொறுப்பு.